க்ளொவெல்லி: திரும்பும் ஏற்றத்திலிருந்து திட்டமிடுங்கள்

மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டுக் களைத்தபின் இறங்கலாம். பழனியில் அப்படித்தான். இங்கிலாந்தின் வட டெவன் கடற்கரையிலுள்ள க்ளொவெல்லியில் கணக்கு தலைகீழ். காரை மேட்டில் விட்டுவிட்டு உற்சாகமாக இறங்குவீர்கள், கடலைப் பார்ப்பீர்கள், வயிறாரச் சாப்பிடுவீர்கள். அதற்குப் பிறகு 120 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தெருவின் நீளம் 800 மீட்டர்தான் என்பதால் சரிவு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனவே இந்த ஊருக்கான திட்டத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எத்தனை மணிக்கு மேலே திரும்ப வேண்டும், உங்களில் யாரால் ஏற முடியும், யாருக்கு வண்டி வேண்டும் என்பவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். எதைப் பார்ப்பது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரே தெரு, எதுவும் தப்பிப் போகாது.

ஏன் கார் இல்லை

கார் இல்லாத ஊர் என்றால் யாரோ கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றித் தடை விதித்திருப்பார்கள் என்று தோன்றும். இங்கே அந்த வேலையைச் சரிவே செய்துவிட்டது. கடலை நோக்கி இறங்கும் செங்குத்தான பாறைப் பிளவில் இரண்டு வரிசையாக வெள்ளைச் சுவர் வீடுகள். நடுவில் கடற்கரைக் கூழாங்கற்கள் பதித்த, படிப்படியாக இறங்கும் தெரு. அந்தத் தெருவில் சக்கரம் வைத்த எதுவும் நிற்காது. முற்காலத்தில் சுமைகளைக் கழுதைகள் தூக்கின. இன்று ஸ்லெட்ஜ். பனியில் இழுப்பார்களே, அதே சறுக்குப் பலகைதான். இங்கே பனிக்குப் பதில் கூழாங்கல். மளிகை, விறகு, பீர்ப் பெட்டி, கட்டில், குளிர்பதனப் பெட்டி எல்லாம் மேலிருந்து இதில்தான் வீட்டுக்கு வரும். குப்பை இதிலேயே கீழே துறைமுகத்துக்குப் போகும். வீட்டு வாசல்களில் சாய்த்து வைத்திருக்கும் ஸ்லெட்ஜுகளைப் பார்த்து அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்காருவதற்கு ஈடான காரியம் அது.

கழுதைகள் இன்னும் இருக்கின்றன. மேலே லாயத்தில் நிற்கும். சுமை தூக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது சிறுவர்களோடு படத்துக்கு நிற்பதுதான் உத்தியோகம்.

ஊருக்குள் போக டிக்கெட்டா?

நம்மவர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. மேட்டில் கார் நிறுத்தியதும் பார்வையாளர் மையம் வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே ஆளுக்கு ஒரு டிக்கெட். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, ஊரை நிர்வகிக்கும் எஸ்டேட்டின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்தம், கீழே உள்ள இரண்டு சிறு காட்சியகங்கள், க்ளொவெல்லி கோர்ட் தோட்டம் எல்லாம் அதில் அடக்கம்.

பணம் கேட்பது யார் என்பதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1086-ல் வில்லியம் மன்னர் எடுக்கச் சொன்ன டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இந்த ஊர் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் கேரி குடும்பத்தின் கைக்கு வந்தது. 1738-ல் ஸக்கரி ஹாம்லின் என்ற வழக்கறிஞர் வாங்கினார். அன்று முதல் இன்றுவரை அவர் குடும்பத்து வாரிசுகளிடமே மொத்த ஊரும் இருக்கிறது. வீடுகள், விடுதிகள், படகுத்துறை எல்லாமே ஒரே எஸ்டேட். குடியிருப்பவர்கள் அனைவரும் வாடகைதாரர்கள். 1884 முதல் 1936 வரை உரிமையாளராக இருந்த கிறிஸ்டீன் ஹாம்லின் சிதைந்து கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பழுது பார்த்தார். பழுது பார்த்த வீடுகளில் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் ஆண்டையும் பதித்துவிட்டுப் போனார். தெருவில் இறங்கும்போது கதவுகளுக்கு மேலே கவனியுங்கள். ஒரு தனி மனுஷியின் ஐம்பது ஆண்டுப் பிடிவாதத்தை வீடு வீடாகப் படித்துக்கொண்டே போகலாம்.

ஒரு முழு ஊர் ஒரு குடும்பத்தின் சொத்தாக இருப்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஜமீன் வாசனை அடிக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டெவன், கார்ன்வால் கடற்கரையின் அழகான மீனவ ஊர்கள் பலவற்றில் வீடுகளை வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடுகளாக வாங்கிப் போட்டுவிட்டார்கள். குளிர்காலத்தில் தெரு முழுக்க விளக்கு எரியாது. க்ளொவெல்லியில் வீட்டை விற்பதில்லை. ஆண்டு முழுவதும் அங்கேயே வாழச் சம்மதிப்பவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுகிறார்கள். நவம்பர் மாதத்து மழை நாளிலும் புகைபோக்கிகளில் புகை வருவது அதனால்தான். டிக்கெட் விலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

போய்ச் சேர

காரில் வருவதுதான் எளிது. பிடஃபோர்ட் நகரத்திலிருந்து ஏ39 சாலையில் மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர். க்ளொவெல்லி கிராஸ் என்ற சந்திப்பில் கடலைப் பார்த்துத் திரும்ப வேண்டும். லண்டனிலிருந்து ரயிலில் வருபவர்கள் பேடிங்டன் நிலையத்தில் ஏறி எக்ஸெட்டரில் மாறி பார்ன்ஸ்டபிளில் இறங்குங்கள். பாதை அங்கே முடிந்துவிடும். மீதி பேருந்து. பார்ன்ஸ்டபிள், பிடஃபோர்ட் வழியாக ஹார்ட்லண்ட் போகும் பேருந்து க்ளொவெல்லியைத் தொட்டுச் செல்கிறது. ஆனால் நாளுக்குச் சில நடைகள்தான். ஞாயிற்றுக்கிழமையை நம்பி வராதீர்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்குவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டு, ஏற்றத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இளைஞர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. அவர்களோடு வரும் அப்பா அம்மாவுக்குத் தேவைப்படும்.

எப்போது

ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் பகல் பதினொன்று முதல் நான்கு வரை தெரு நெரியும். காலை ஒன்பது மணிக்கு மேலே நின்றீர்கள் என்றால் கூழாங்கல் தெருவில் உங்கள் காலடிச் சத்தம் மட்டும்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஊருக்கு முதுகுப்பக்கம் மலை என்பதால் காலை வெளிச்சம்தான் துறைமுகத்துக்கும் வீடுகளுக்கும் அழகு; பிற்பகலில் நிழல் இறங்கிவிடும். படம் எடுக்க வருபவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

ஓதத்தையும் பாருங்கள். இந்தக் கடற்பகுதி பிரிஸ்டல் கால்வாயின் வாய். உலகிலேயே ஏற்றவற்றம் மிக அதிகமாக உள்ள கடல்களில் ஒன்று. வற்றத்தின்போது துறைமுகம் முழுக்க வறண்டு, படகுகள் சேற்றிலும் கல்லிலும் சாய்ந்து கிடக்கும். ஏற்றத்தின்போது அதே இடத்தில் ஆள் மூழ்கும் நீர். இரண்டும் பார்க்கத் தகுந்தவை. கடற்கரை வழியாக அருவி வரை நடக்க நினைப்பவர்களுக்கு வற்றம்தான் வேண்டும். ஓத அட்டவணையை இணையத்தில் முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

மீன் பிரியர்களுக்கு இரண்டு தேதிகள். செப்டம்பர் தொடக்கத்தில் சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் ஒரு விழா. நவம்பரில் ஹெர்ரிங் மீனுக்கு ஒரு விழா. நான் நவம்பரைத்தான் சொல்வேன். குளிரும், மழை வரலாம், ஆனால் அந்த மீன்தான் இந்த ஊரை உண்டாக்கியது.

காலும் செருப்பும்

ரப்பர் அடிப்பாகம் கொண்ட, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் காலணி. வேறெதுவும் வேண்டாம். மழையில் நனைந்த கூழாங்கல்லில் தோல் செருப்பு வழுக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு கல் இடுக்கில் மாட்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தால் பாதி வழியில் வண்டியையும் குழந்தையையும் சேர்த்துத் தூக்குவீர்கள். தோளில் கட்டிக்கொள்ளும் பை கொண்டு வாருங்கள். பட்டுப் புடவை கட்டிப் படம் எடுக்க விரும்புவோர் மேலே உள்ள மையத்திலேயே எடுத்துவிடலாம், கடல் அங்கிருந்தும் தெரியும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத் தெருவில் வழியில்லை. ஊரின் பின்புறமாக வேறொரு சாலை துறைமுகத்துக்கு இறங்குகிறது. ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை அதில் லேண்ட் ரோவர் வண்டி தனிக் கட்டணத்துக்கு ஓடும். முட்டிவலிக்காரர்கள் பெருமை பார்க்க வேண்டாம். இறங்கும்போதுதான் முட்டி அதிகம் அடிபடும் என்பதால் போகும்போதே வண்டி கிடைக்குமா என்று மையத்தில் கேளுங்கள். முன்பதிவு செய்ய முடியுமா, கடைசி வண்டி எப்போது என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இறங்கும் வழியில்

ஊர்க்காரர்கள் இந்தத் தெருவின் பகுதிகளை ‘அப்-அ-லாங்’, ‘டவுன்-அ-லாங்’ என்கிறார்கள். மேலே போவது, கீழே போவது. இந்த ஊருக்கு வேறு திசை தேவைப்படவில்லை.

பாதி வழியில் வருவது நியூ இன் என்ற விடுதி. அதன் அருகே எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லிக்கு ஒரு காட்சியகமும், மீனவர் குடிசை ஒன்றும் இருக்கின்றன. கிங்ஸ்லியின் அப்பா 1830-களில் இந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார். பையன் இங்கே படகோட்டிகளோடு வளர்ந்தான். 1855-ல் அவர் எழுதிய ‘வெஸ்ட்வர்ட் ஹோ!’ நாவலில் இந்தக் கரை வருகிறது. நாவல் பரபரப்பாக விற்றது, வாசகர்கள் இடத்தைத் தேடி வந்தார்கள், அதுவரை மீன் நாற்றம் மட்டும் இருந்த ஊருக்குச் சுற்றுலா வந்தது. பிடஃபோர்டுக்கு அருகே ஒரு கடற்கரை ஊருக்கு அந்த நாவலின் பெயரையே ஆச்சரியக்குறியோடு வைத்துவிட்டார்கள். இன்றும் வழிகாட்டிப் பலகையில் அந்தக் குறியைக் காணலாம். 1860-ல் சார்லஸ் டிக்கன்ஸும் வில்கி காலின்ஸும் சேர்ந்து எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் இந்த ஊர் பெயர் மாறி வருகிறது. ஓவியர் டர்னரும் இந்த விரிகுடாவை வரைந்திருக்கிறார். 2018-ல் வந்த ‘கெர்ன்ஸி’ திரைப்படத்தில் க்ளொவெல்லி, கெர்ன்ஸி தீவாக நடித்தது.

எழுத்தாளர் காட்சியகத்தைவிட மீனவர் குடிசையில் அதிக நேரம் செலவிடுங்கள். குறுகிய மரப்படி, தலை முட்டும் கூரை, வலை பின்னும் ஊசி. இரண்டு அறைக்குள் ஒரு மீனவக் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதற்கு விளக்கப் பலகை தேவையே இல்லை.

கீழே நெருங்கும்போது ஒரு வீட்டின் அடியில் தெரு நுழைந்து போகும். தலைக்கு மேலே அந்த வீட்டு அறை. அதையும் தாண்டினால் கடல் பக்கமாக மாடம் நீட்டிய ‘கிரேஸி கேட்’ வீடு. ஊரிலேயே பழைய வீடுகளில் ஒன்று. மீன் பிடிக்கப் போன கணவனை மாடத்திலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளாம் கேட் லயால். ஒருநாள் அவள் கண்ணெதிரே அவன் மூழ்கினான். மனம் பேதலித்து, கல்யாண உடையை அணிந்து 1736-ல் அவளும் கடலுக்குள் நடந்து போனாள் என்பது ஊர்க்கதை. எவ்வளவு உண்மை என்பதை விடுங்கள். கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்பது இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இருந்த சேதி. 1821, 1838 புயல்களில் க்ளொவெல்லிப் படகுகள் பல சிதறின.

துறை

கீழே வந்ததும் கடலுக்குள் வளைந்து நீளும் கற்சுவரைப் பார்ப்பீர்கள். அதில் ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கரை முழுவதும் செங்குத்துப் பாறை. கிழக்கே ஆப்பிள்டோர், மேற்கே கார்ன்வாலின் பாஸ்கேஸில், இடையில் புயலுக்கு ஒதுங்கப் படகுக்கு வேறு புகலிடம் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஊர் உரிமையாளர் ஜார்ஜ் கேரி தன் சொந்தப் பணத்தைக் கொட்டி இந்தச் சுவரைக் கட்டினார். சுவர் வந்தபின் படகு தங்கியது. படகு தங்கியபின் மீன் வியாபாரம் வந்தது. அதற்குப் பிறகுதான் சரிவின்மேல் வீடு வீடாக ஊர் ஏறியது. இறங்கிப் பார்க்கும் நமக்குத் தெரு முதலில், துறை கடைசியில். இந்தத் தெருவின் வரலாறு துறையில் தொடங்கி மேலே போனது.

பிடித்தது ஹெர்ரிங். நம் மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதைவிடப் பெரியது, அதைப்போலவே எண்ணெய்ச் சத்துள்ளது. இலையுதிர் காலத்திலும் குளிர்கால ஆரம்பத்திலும் கூட்டமாகக் கரையை நெருங்கும். இரவில் நீருக்குள் செங்குத்தாகத் தொங்கவிடும் வலையோடு படகு ஓட்டத்தில் மிதக்கும். வலைக்கண்ணில் தலையை நுழைத்த மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். சின்ன மீன் கண் வழியே தப்பிவிடும். பெரிய படகுகள் ஓதம் ஏறும்வரை துறைக்குள் காத்துக் கிடக்க வேண்டியிருந்ததால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பிகரூனர்’ என்ற சிறு படகுகளைக் கட்டினார்கள். அவற்றுக்குக் கொஞ்சம் நீர் போதும்; முந்திப் போய் முந்தி வந்து நல்ல விலைக்கு விற்கலாம். இன்று தொழிலில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய படகுகள்தான். நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் கூடு போடுகிறார்கள். ஹெர்ரிங் பருவத்தில் வலை. துறையில் அடுக்கியிருக்கும் கூடுகளைத் தாண்டிப் போகாதீர்கள், கயிற்றை மிதிக்காதீர்கள்.

துறையருகே பழைய சுண்ணாம்புச் சூளை ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையான வேல்ஸிலிருந்து சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் கப்பலில் வந்து இங்கே எரிந்து, டெவன் வயல்களின் புளிப்பு மண்ணுக்கு உரமாகப் போயின. உயிர்காப்புப் படகு நிலையம் 1870-ல் தொடங்கியது. 1988-ல் நிலையம் மூடப்பட்டுப் படகும் போய்விட்டது. ஊரார் தாங்களாகவே ஒரு மீட்புப் படகை ஓட்டினார்கள். 1998-ல் நிலையம் மறுபடியும் வந்தது. வாசலில் உண்டியல் இருக்கும். அதில் போடும் காசு வீணாகாது.

கூழாங்கல் கரையில் கொஞ்சம் நடந்தால் பாறையிலிருந்து நேராகக் கடற்கரையில் விழும் அருவி. அதன் பின்னுள்ள குகையில்தான் மாயாவி மெர்லின் பிறந்தான் என்பார்கள். அருவி அழகு, மெர்லின் உங்கள் விருப்பம்.

சாப்பாடு

துறையில் ரெட் லயன் விடுதி, தெருவில் நியூ இன், இடையில் சில தேநீர்க் கடைகள். மீன் சாப்பிடுபவர்கள் அன்றைய நண்டு எது என்று கேட்டு வாங்குங்கள். சைவர்களுக்கு அதிகம் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். சூப், சீஸ் சான்ட்விச், உருளைக்கிழங்கு வறுவல், அதோடு டெவன் கிரீம் டீ. ஸ்கோன் என்ற ரொட்டியைப் பிளந்து டெவனில் முதலில் கட்டிக் கிரீம், மேலே ஜாம். பக்கத்துக் கார்ன்வாலில் முதலில் ஜாம். இரண்டு கரையும் இதற்காகச் சண்டை போடும், நீங்கள் டெவனில் இருக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். முட்டை சாப்பிடாதவர்கள் ஸ்கோனில் முட்டை உண்டா என்று கேட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தால் துறைச்சுவரில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடலாம். கடற்காக்கையிடம் மட்டும் எச்சரிக்கை. கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும்.

வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு ஏற ஆரம்பிக்காதீர்கள். அரை மணி நேரம் துறையில் உட்காருங்கள். பிறகு நடுவே இரண்டு மூன்று இடங்களில் நின்று ஏறினால் யாருக்கும் மூச்சு முட்டாது.

ஒரு இரவு தங்க முடிந்தால்

என் பரிந்துரை இதுதான். நியூ இன்னிலோ ரெட் லயனிலோ அறை எடுங்கள். பெட்டியை எப்படிக் கீழே கொண்டுபோவது என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், சிறிய பையோடு வருவது எல்லாவற்றிலும் நல்லது. பகல் பயணிகள் போனபின் ஊர்க்காரர்கள் வெளியே வருகிறார்கள். அப்போதுதான் இது காட்சிப்பொருளாக இல்லாமல் ஊராகத் தெரியும்.

மறுநாள் நடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாம்லின் குடும்பத்தினர் மரக்காட்டுக்குள் வளைத்து வளைத்துப் போட்ட ஹாபி டிரைவ் பாதை மூன்று மைல். ஏற்றம் குறைவு, குழந்தைகளோடு போகலாம். மேற்கே கடலோரப் பாதையில் போனால் மௌத்மில் என்ற ஒதுக்கமான கரையும், அலை குடைந்த இரட்டைத் துளையோடு பிளாக்சர்ச் பாறையும் வரும். அதற்கும் அப்பால் ஹார்ட்லண்ட் கீ வரை போக நாள் முழுவதும் வேண்டும், நல்ல கால்களும் வேண்டும்.

வெறும் இரண்டு மணி நேரம் மட்டுமே கையில் இருந்தால், அதுவும் ஆகஸ்ட் மதியமாக இருந்தால், க்ளொவெல்லியை விட்டுவிட்டு நேராக ஹார்ட்லண்ட் கீக்குக் காரிலேயே போய்விடுங்கள்; பாறைகளும் அலையும் அங்கே இதைவிடப் பிரமாதம், ஏற்றமும் இல்லை. க்ளொவெல்லிக்கு அரை நாளாவது கொடுங்கள். வீட்டு ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இருப்பவர்கள் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்கள்.